பளிச்சக்கா துலக்கிய கத்திகள்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அங்கே கதவோரம் உட்கார்ந்தால் பாதிக் கதையைக் காற்று தின்றுவிடும். காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். மடியில் பிள்ளை தூங்கினால் தூங்கட்டும், என் குரல் ஒன்றும் அதை எழுப்பாது. இன்றைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி கதை சொல்கிறேன். அரண்மனை கிடையாது, அரக்கன் கிடையாது. ஒரு பெட்டி நிறைய மடக்குக் கத்திகள் உண்டு. முகத்தைச் சுளிக்காதீர்கள் ராசாத்திகளா, பழம் வெட்டுகிற கத்திகள்தான்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் தரைக்குக் கீழே, வெயில் தலைகாட்டாத ஓர் அறை. மேலே ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, இடுக்கி, கத்தி எல்லாம் தட்டுத் தட்டாக அங்கே இறங்கி வரும். அவற்றைக் கொதிக்கிற நீரில் அலசி, பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொரு கீலையும் விரித்து விளக்கடியில் பிடித்துப் பார்த்து, துணியில் சுற்றி நீராவிப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். கீலுக்குள் கடுகளவு பழுப்பு தெரிந்தால் போதும், மொத்தத் தட்டும் திரும்பி வந்துவிடும், கூடவே திட்டும் வரும். அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தட்டு திரும்பி வந்ததே இல்லை. அதனால் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில்கூடக் கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "அம்மா, மானத்த வாங்காத" என்று மகள் முழங்கையால் இடிப்பாள்.

அவளுடைய புருஷனுக்குப் பழக் கிடங்கில் வேலை. விடிகிற நேரத்தில் லாரிகள் வந்து நிற்கும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் கைக்கு அகப்பட்ட ஒரு பெட்டியை இறக்கி, அதிலிருந்து ஒரு பழத்தை எடுத்து இரண்டாக வெட்டிப் பார்ப்பார். விதையின் நிறம் பார்ப்பார், உள்ளே கன்றியிருக்கிறதா என்று பார்ப்பார், ஒரு துண்டைக் கடித்துத் துப்புவார். "ஏத்து" என்றால் லாரி முழுதும் உள்ளே போகும். "ஒதுக்கு" என்றால் ஓரமாக நிற்கும். இவ்வளவுதான் வேலை. கிடங்கில் அவரை வெட்டுக்காரர் என்பார்கள்.

வெட்டுக்காரருக்கு ஒரே ஒரு கிறுக்கு. மடக்குக் கத்தி. இளவட்டமாக இருந்தபோதே தொடங்கியது. பழைய இரும்புக் கடையில் குவியலைக் கிளறி எடுத்தவை, லாரி டிரைவர்களிடம் கெஞ்சி வாங்கியவை, யாரோ வீடு காலி செய்தபோது குப்பைக்குப் போக இருந்தவை. கொம்புப் பிடி, எலும்புப் பிடி, பித்தளைப் பிடி, நுனி வளைந்தது, இரட்டை அலகு. எல்லாவற்றுக்கும் தட்டையான ஒரு மரப்பெட்டி, உள்ளே கம்பளித் துணி விரித்துக் கத்திக்கு ஒரு குழி. வாங்கிப் பூட்டி வைக்கிற ஆளும் இல்லை அவர். தினம் ஒரு கத்தி முறைப்படி வலது பைக்குள் போகும். சாயங்காலம் வந்ததும் துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதன் குழியில் படுக்க வைப்பார். "நேத்து உழைச்சவனுக்கு இன்னிக்கு லீவு. அடுத்த ஆள் எந்திரிப்பா" என்று பெட்டியோடு பேசுவார்.

எல்லாம் பழைய காலத்து எஃகு. துருப்பிடிக்காத ரகம் அல்ல. பழச்சாறு பட்டால் நிறம் மாறும். முதலில் நீலம் ஓடும், புறாக் கழுத்து மாதிரி, பிறகு சாம்பல், பிறகு கருப்பு. பளிச்சக்காவுக்கு அதைக் கண்டாலே குமட்டும்.

"இந்தக் கரி புடிச்ச தகரத்தாலயா ஊர் வாயில போற பழத்த வெட்டுறீங்க?"

"உன் ஆஸ்பத்திரிக் கண்ண அங்கேயே கழட்டி வச்சிட்டு வா."

"ஒரு நாள் நான் தேச்சுத் தரேன், முகம் பாக்கலாம்."

"பெட்டிமேல கைய வச்ச, அப்புறம் தெரியும் சேதி."

மகள் நடுவில் வந்து நிற்பாள். அவளுக்குக் குருவிக் குரல், அதனால் வீட்டில் கீச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டர் வேலைக்குப் போன பிறகும் கீச்சுதான். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு கத்தி எடுத்துக்குங்க, யாரு மிச்சமோ அவங்களோட நான் சினிமாவுக்குப் போறேன்" என்பாள். சிரித்துவிடுவார்கள். கத்தி ஏன் கறுப்பாக இருக்க வேண்டும் என்று வெட்டுக்காரர் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை. ஆம்பளைச் சோம்பேறித்தனம் என்றே பளிச்சக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன் கண்ணுங்களா, நிறுத்தி நிதானமாகச் சொல்ல எனக்கே தெம்பில்லை. கீச்சுவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அம்மா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் மேல் மாடியில் படுக்கை. ஒரு மத்தியானம் அவள் போய்விட்டாள். அப்பா பக்கத்தில் இருந்தார். அம்மா கீழே கத்தரிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ வந்து சொல்லி, கையுறையோடு படியேறி ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. வெட்டுக்காரர் ஜன்னலோரம், கையைப் பைக்குள் விட்டபடி நின்றிருந்தார்.

அந்த மத்தியானம் அந்த அறையில் என்ன நடந்தது? கீச்சு ஏதாவது சொன்னாளா? வலித்ததா? அம்மா எங்கே என்று கேட்டாளா? பளிச்சக்காவுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். தெரிந்த ஒரே ஆள் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்க வாயைத் திறப்பாள், "இன்னும் கொஞ்சம் போடவா?" என்றுதான் வரும்.

அவள் அழவில்லை. சொந்தக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்து, கல்லாகிட்டா என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கல் இல்லை. வேலையில் இரண்டு கையுறை மாட்டுவாள் அல்லவா, மேலே ஒன்று உள்ளே ஒன்று, அதைப் போட்டுக்கொண்டு தொட்டால் சுடுதண்ணீர் சூடு என்று தெரியும், சுடாது. அப்படி இருந்தது எல்லாம். குழம்பில் உப்பு இருப்பது நாக்குக்குத் தெரிந்தது, ருசி தெரியவில்லை. மழை பெய்தால் துணி எடுத்தாள். டிவி ஓடியது. பருவம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. வெட்டுக்காரர் தினம் ஒரு கத்தியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார், வந்தார், துடைத்தார். பெட்டியோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அப்புறம் ஒருநாள் கிடங்கின் சாய்தளத்தில், மழை ஈரத்தில், கால் வழுக்கிப் பெட்டி அடுக்கோடு விழுந்தார். வலது தோள் எலும்பு உடைந்தது. அதே ஆஸ்பத்திரியில் சேர்த்து, தகடு வைத்துத் திருகினார்கள். அந்தத் தட்டும் கீழே இறங்கி வந்தது. எந்த அறையிலிருந்து வருகிறது என்று சீட்டில் போட்டிருந்தது. பளிச்சக்கா சீட்டைப் படித்தாள். பக்கத்தில் துணி மடிக்கிறவள் ஒருத்தி உண்டு, வாய் ஓயாது, லொடலொட என்று பட்டப்பெயர். அவள் தட்டைப் பிடித்து இழுத்தாள்.

"குடுக்கா, இதை நான் கழுவுறேன். உனக்கு வேணாம்."

"ஏன்?"

"மாமா ரத்தம்க்கா."

"ரத்தம் ரத்தம்தான், விடு" என்று பளிச்சக்கா கழுவினாள். வழக்கம்போலக் கீலை விரித்துப் பார்த்தாள். வழக்கம்போலப் பளிச்சென்று இருந்தது.

வேலை முடிந்து மேலே போய்ப் பார்த்தாள். கட்டோடு படுத்திருந்தவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

"மொற நின்னு போச்சு."

"என்ன மொற?"

"கத்தி மொற. இன்னிக்கு எலும்புப் பிடிக்காரன். நாளைக்குப் பித்தளை. பெட்டியிலேயே கெடந்தா பூத்துப் போயிடும். இங்க கொண்டாந்தா நர்ஸம்மா புடுங்கி வச்சுக்கும்."

"அதுக்கு?"

"நீ எடுத்துட்டுப் போயேன். பையில கெடந்தா போதும்."

இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பெட்டியைத் தொடச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அதுவும் கையுறைக்கு வெளியே நின்றது. சரி என்றாள். கதவுவரை போனவளைக் கூப்பிட்டார்.

"இந்தா. ஓரத்துல ஒண்ணு இருக்கும், சின்னது, கொம்புப் பிடி. அதை மட்டும் விட்டுடு."

"ஏன்?"

"கீல் சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பளிச்சக்காவின் நீலக் கோட்டுப் பைக்குள் ஒரு கத்தி ஏறியது. நடக்கும்போது தொடையில் தட்டியது. குனிந்தால் இடுப்பில் குத்தியது. கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூடு ஏறி, யாரோ பைக்குள் கைவிட்டுக்கொண்டு கூடவே நடப்பதுபோல இருந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். கவனித்தாள், அவ்வளவுதான். ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கவனித்த ஒரு பொருள் அது.

"என்னக்கா பையில வீக்கம்?" என்றாள் லொடலொட, சாப்பாட்டு இடைவேளையில்.

"கத்தி."

"அய்யோ. என்னையா?"

"உன் வாயை அடைக்க இந்தக் கத்தி பத்தாது, ரம்பம் வேணும்."

லொடலொட டிபன் டப்பாவை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீ வாயத் தெறந்து எத்தனை நாளாச்சு! இன்னும் நாலு திட்டு திட்டுக்கா, புண்ணியமாப் போகும்."

வினை அந்த வாரக் கடைசியில் வந்தது. புதிதாகத் துணிச்சுருள் பெட்டிகள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் நாடா போட்டு இறுக்கியிருந்தார்கள். கத்தரிக்கோல் எங்கேயோ போயிருந்தது. பளிச்சக்கா பைக்குள் கையை விட்டு, அன்றைய முறைக் கத்தியை நகத்தால் இழுத்து விரித்து, நாடாவை அறுத்தாள். நிமிர்ந்தால் எதிரே சூப்பர்வைசர் அம்மா. கெட்ட மனுஷி இல்லை அவர். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கத்தியைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வீட்டுக்காரரோடதுங்க."

"அது சரி. நீயா இத வச்சிருக்க? இவ்வளவு கறையோட? கழுவுற ரூமுக்குள்ள?" குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "வேற யாராச்சும்னா கேக்க மாட்டேன். நீ போய் இப்படி..."

அவர் போய்விட்டார். பளிச்சக்கா கத்தியை விளக்கடியில் பிடித்தாள். கறுப்பு, அதில் தேமல் மாதிரி திட்டுத் திட்டாகப் பழுப்பு. கீலோரம் ஏதோ பிசின். ஆஸ்பத்திரிக் கண்ணுக்கு அது கத்தியே இல்லை. மகள் போன பிறகு வெட்கம் என்ற ஒன்றையும் அவள் மறந்திருந்தாள். அன்றைக்குக் காது மடல் சுட்டது.

வார லீவு நாள் காலை. வெளியே தூறல். வாசலில் நாய் ஒன்று ஈரத்தை உதறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தாள். பாத்திரம் துலக்கும் பொடி, மெல்லிய கம்பி நார், பழைய டூத் பிரஷ், வெந்நீர், உலர்ந்த துணி. பெட்டியைத் திறந்து, சூப்பர்வைசர் அம்மா பார்த்த கத்தியை முதலில் எடுத்தாள். கீல் பக்கமிருந்து நுனிவரை ஒரே திசையில் தேய்த்தாள். கறுப்பு நுரை வழிந்தது. துடைத்தாள். உள்ளேயிருந்து வெள்ளையாக ஓர் உலோகம் எட்டிப் பார்த்தது. இன்னும் தேய்த்தாள். ஜன்னல் தெரிந்தது அதில். தூறல்கூடத் தெரிந்தது.

சந்தோஷம் என்று சொல்லிவிடாதீர்கள் கண்ணுங்களா. அவளுக்குத் தெரிந்த வேலை, கை தானாகச் செய்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு. ஒன்று முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் அடுத்தது. எலும்பு, பித்தளை, வளைந்த நுனி, இரட்டை அலகு. சமைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஓரத்துக் குழியில் சின்னக் கொம்புப் பிடி மிஞ்சியது.

கீல் சரியில்லை என்றாரே என்று எடுத்துப் பார்த்தாள். நகம் வைத்து இழுத்தால் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. கீல் சரியில்லாததைச் சரியாக்குவதுதானே அவள் பிழைப்பு? வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து மறுபடி இழுத்தாள். மெல்ல வந்தது. அலகின் பாதியில் பிறை மாதிரி ஒரு கறை. ஒரு முனை நீலம், மறுமுனை பழுப்பு. ஓரத்தில் பாகு காய்ந்ததுபோலப் பளபளப்பு, கீலுக்குள் தூசியும் துரும்புமாக ஏதோ அடைப்பு. பெட்டியிலேயே ஆக மோசமானது இதுதான். எண்ணெய் பார்த்தே வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். கீலில் ஒரு கோளாறும் இல்லை, அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மற்றதைவிட இதற்கு அதிக நேரம் கொடுத்தாள். ஊசி முனையால் அடைப்பை நோண்டினாள். கொம்புப் பிடியையும் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். மடக்கி விரித்தாள். டக் என்று சுத்தமாக விழுந்தது.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். லாரி ஓட்டுகிறவன், வெட்டுக்காரரின் தம்பி. அண்ணனை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், மாற்றுச் சட்டை வேண்டும் என்று வந்தான்.

"தோள் நுழையற மாதிரி பெரிய சட்டையாப் பாருங்க அண்ணி. இல்லன்னா உங்க நைட்டி ஒண்ணு குடுங்க, மாட்டிக் கூட்டிட்டு வரேன். தெருவே வேடிக்கை பாக்கட்டும்."

"வாய் கொழுப்பு. உக்காரு, டீ போடறேன்."

டீ குடித்துக்கொண்டே பெட்டியை இழுத்தான். ஒன்றை எடுத்து விரித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். இன்னொன்றை விரித்தான்.

"அண்ணி, இது என்ன, புதுசா?"

"பழசுதான். துலக்கினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஏன் தம்பி, நல்லா இல்லையா?"

தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டான். "அது அழுக்கில்ல அண்ணி. பழச்சாறு ஏறி ஏறி வர்ற நெறம் அது. அந்த நெறம் வந்துட்டா அப்புறம் துருவே புடிக்காது, தோல் மாதிரி காப்பாத்தும். அண்ணன் ஒவ்வொண்ணையும் காட்டிச் சொல்லும், இந்த நீலம் பேரிக்காய் போட்டது, இந்தக் கறுப்பு அந்த வருஷம் வந்த புளிப்பு ஆரஞ்சுன்னு. லாரிக்காரனுங்க நாங்க சிரிப்போம். அதுக்கு அதுல அவ்வளவு பெருமை."

"என்கிட்ட ஒருநாளும் சொல்லலையே."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிருக்கும்."

"திரும்ப வருமா?"

"வரும். ஏன் வராது? இன்னும் இருவது வருஷம் தினம் வெட்டினா வரும்" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "எதையாச்சும் சொல்லிச் சமாளிங்க அண்ணி. வெள்ளம் வந்துச்சுன்னு சொல்லுங்க" என்று சட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

பளிச்சக்கா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் அந்த வீட்டில் எதையும் உடைக்காமல், எதையும் தட்டிவிடாமல், நுனிக்காலில் நடந்து அவ்வளவு காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். இப்போது அவள் தட்டிவிட்டாள். அவர் கத்துவார். கத்தாவிட்டால் இன்னும் மோசம், இருக்கிற ரெண்டு வார்த்தையும் நின்றுபோகும். அப்புறம் அந்த மத்தியானம் அவரோடு போய்விடும், அவளுக்குக் கிடைக்காது. மடக்கி வைத்தால் பிடி மட்டும்தான் வெளியே தெரியும். ஒரு குழிகூட மாறாமல் அடுக்கினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கூட்டிவந்தார்கள். வலது கையைத் துணித் தொட்டிலில் போட்டு மார்போடு கட்டியிருந்தது. கொழுந்தன் அண்ணியின் முகத்தையும் அண்ணனின் முகத்தையும் பார்த்துவிட்டு, லாரியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டேன் என்று கிளம்பிவிட்டான். வெட்டுக்காரர் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தார். வீட்டைப் பார்த்தார். மெலிந்திருந்தார்.

"பெட்டிய எடு."

"மொதல்ல சாப்புடுங்க."

"எடு."

கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்து இடது கையால் பிடிகளைத் தடவிக்கொண்டே போனார், வகுப்பில் பிள்ளைகளின் தலையைத் தொட்டு எண்ணுவது மாதிரி. எதையும் எடுக்கவில்லை. கடைசியில் ஓரத்துக்குப் போய்ச் சின்னக் கொம்புப் பிடியை எடுத்தார். ஒற்றைக் கையால் விரிக்க முடியவில்லை. பல்லால் முயன்றார். அதுவும் முடியவில்லை. அவளிடம் நீட்டினார்.

"தெற."

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"தெற மொதல்ல. மெதுவா. ஒட்டிக்கிட்டிருக்கும்."

ஒட்டிக்கொள்ளவில்லை. டக் என்று திறந்தது. மேசைமேல் ஒரு வெளிச்சத் துண்டு விழுந்து, சுவரில் ஏறி நின்றது.

அவர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். அலகில் அவர் கண் தெரிந்தது. திருப்பி மறுபக்கம் பார்த்தார். கீலுக்குள் பார்த்தார், அவள் பார்ப்பதுபோலவே.

"நல்லாத்தான் தொலக்கியிருக்க."

"திட்டுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஆஸ்பத்திரியில வெக்கமாப் போச்சு. அப்புறம் கை நிக்கல. தம்பி வந்து சொன்னப்பதான் தெரியும். திட்டுங்க, நான் கேட்டுக்கறேன்."

"அதுங்க கெடக்குது. வெட்டினா வந்துடும், அதுக்கென்ன" என்றார். கோபமே இல்லாத குரல். அவளுடைய குரல் மாதிரியே இருந்தது. கையிலிருந்ததை மட்டும் கீழே வைக்கவில்லை. "இது வராது."

"இதுல என்ன இருந்துச்சு?"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

"அன்னிக்கு மொற இதோடது" என்றார். "கிடங்குலேருந்து ஒரு ஆப்பிள் எடுத்துட்டுப் போயிருந்தேன். அவ ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறாளேன்னு. சும்மா மேசையில வச்சிருந்தேன். அவளே பாத்துட்டு, அது என்னப்பான்னா. வெட்டட்டுமான்னேன். ம்ம்னா."

பளிச்சக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"ஒரு துண்டு குடுத்தேன். மென்னா. முழுங்கினா. எனக்குத் தலகால் புரியல. அம்மாவக் கூப்புடவான்னு கேட்டேன். வேணாம்பா, வேலைய முடிச்சிட்டு வரட்டும், பாதியில வந்தா அந்தக் கத்தரியெல்லாம் யாரு கழுவுவாங்கன்னா."

"அப்படியா சொன்னா?"

"அப்படியேதான். அந்தக் கீச்சுக் குரல்ல."

"தோல் சீவிக் குடுத்தீங்களா?"

"இல்ல. தோலோடதான்."

"என்கிட்ட மட்டும் சீவச் சொல்லுவா. ஒரு பொட்டுத் தோல் இருந்தாத் துப்புவா."

"என்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல."

"உங்கள ஏமாத்தியிருக்கா. இல்ல, என்னை ஏமாத்தியிருக்கா." சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். "வலிக்குதுன்னாளா?"

"அந்த நேரம் சொல்லல. இன்னொரு துண்டு குடுன்னா. கேட்டு வாங்கறாளேன்னு, நான் குனிஞ்சு வெட்டிக்கிட்டிருந்தேன். நிமிந்து பாக்கறதுக்குள்ள..." அவர் இடது கையால் மேசைமேல் ஒரு கோடு இழுத்தார். "அவ்வளவுதான். மணியடிச்சேன். டாக்டருங்க, நர்ஸுங்க எல்லாம் ஓடியாந்தாங்க. தள்ளிப் போங்கன்னாங்க. ஜன்னலுக்குப் போயிட்டேன். கத்திய அப்படியே மடக்கிப் பையில போட்டேன். அப்புறம் இதத் தெறக்கல. அவ கடிச்ச பழத்தோட சாறு அது. இருந்துட்டுப் போவட்டும்னு வச்சிருந்தேன்."

பளிச்சக்கா தன் கைகளைப் பார்த்தாள். பொடியும் வெந்நீரும் பட்டு விரல் நுனியெல்லாம் வறண்டு வெளுத்திருந்தது. நேற்று ஊசி முனையால் கீலுக்குள்ளிருந்து நோண்டியெடுத்த தூசியும் துரும்பும், தாளோடு சுருட்டிக் குப்பைக் கூடைக்குப் போய், கூடையும் காலி ஆகிவிட்டது. அழுகை வரும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. பசி மாதிரி ஏதோ ஒன்று வயிற்றில் கிள்ளியது.

"அந்த ரெண்டாவது துண்டு?" என்றாள்.

அவர் கத்தியை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"அவளுக்கு வெட்டினது. அது என்னாச்சு?"

"கையில இருந்துச்சு" என்றார். "எல்லாரும் ஓடறாங்க. அத வச்சுக்கிட்டு எங்க போறது? கீழ போட மனசு வரல. வாயில போட்டுக்கிட்டேன்." கத்தியை மேசைமேல் வைத்தார். "மென்னேன். அங்க அவ நெஞ்ச அழுத்தி அழுத்திப் பாத்துக்கிட்டிருந்தாங்க, இங்க நான் மென்னுக்கிட்டு நின்னேன். நல்ல இனிப்பு. எத்தனையோ லாரி வெட்டியிருக்கேன், அப்படி ஒரு இனிப்பு பாத்ததில்ல. அதத்தான் உன்கிட்ட சொல்ல முடியல. பொண்ணு போற நேரத்துல அப்பன் வாயில இனிச்சுதுன்னு எப்படிச் சொல்றது?"

அடுப்பில் சோறு வெந்து அடங்கிவிட்டது, ஆவியின் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

"ரெண்டும் ஒரே பழமா?" என்று கேட்டாள்.

"ஒரே பழந்தான்."

"பக்கத்துப் பக்கத்துத் துண்டா?"

"ஆமா."

"அப்ப அவளுக்கும் இனிச்சிருக்கும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பக்கமாக அவர் யோசித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. அவள் மறுபடி சொன்னாள், தட்டை விளக்கடியில் பிடித்துச் சரிபார்த்துச் சொல்கிற குரலில்: "புளிச்சிருந்தா இன்னொண்ணு கேட்டிருக்க மாட்டா. எனக்குத் தெரியும். நல்லா இனிச்சிருக்கும்."

எழுந்து போய்ச் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் வலது கையைத் தூக்க முடியாதே, அதனால் பிசைந்து கொடுத்தாள். ஒரு வாய் வாங்கியதும், "உப்பு கூடிப் போச்சு" என்றார் அவர். அவள் தன் வாயில் கொஞ்சம் போட்டுப் பார்த்தாள். ஆமாம், கூடத்தான் இருந்தது. "கூடத்தான்" என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்திருங்கள், மடியில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கத்தி எடுக்கிற கை, பசித்தவருக்கு வெட்டிக்கொடுக்கவே எடுக்கட்டும். வெட்டிய துண்டை வாங்கிக்கொள்ள எதிரே எப்போதும் ஒரு கை நீளட்டும். முதல் துண்டு இனிக்கட்டும், இரண்டாவதைக் கேட்டு வாங்கி, அதையும் தின்று, மூன்றாவதுக்குச் சண்டை பிடிக்கிற பிள்ளைகளோடு உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். போய் வாருங்கள்.